1942 ஏப்ரல் 9: ஹெர்மீஸிலிருந்து ஸ்வார்ட்ஃபிஷ் கிளம்பும் காட்சி சரியா?

கேள்வி:
போர்க்காலத் திருகோணமலையை வைத்து நாவல் எழுதுகிறேன். ஜப்பானியர் தாக்கும்போது ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து ஸ்வார்ட்ஃபிஷ் என்ற இரட்டைச் சிறகு விமானம் ஒன்று டார்ப்பிடோவோடு மேலெழுகிறது. என்ஜினை எப்படிக் கிளப்புவார்கள்? உள்ளே இருக்கும் மூவரும் எப்படிப் பேசிக்கொள்வார்கள்? தாக்குதல் நேரமும் நூலுக்கு நூல் மாறுகிறது.

பதில் 1:
காட்சியையே மாற்றவேண்டும் நண்பரே. அன்று ஹெர்மீஸில் ஒரு விமானம்கூட இல்லை. அதன் 814ஆம் ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) விமானங்கள் கரையில், திருகோணமலையை ஒட்டிய சீனன்குடா விமானத் தளத்தில் நின்றன. முந்தின இரவு துறைமுகத்தைக் காலி செய்தபோது அவற்றை ஏற்றாமலே கப்பல் கிளம்பிவிட்டது. மறுநாள் முற்பகல் மட்டக்களப்புக்கு அப்பால் குண்டுவீச்சில் மூழ்கியது. 307 பேர் மாண்டார்கள். துணைக்கு வந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வாம்பயரும் போயிற்று. விமானமே இல்லாத விமானந்தாங்கி, வெறிச்சென்று கிடக்கும் தளம்: என்னைக் கேட்டால் இதைத்தான் எழுதவேண்டும்.

ஸ்வார்ட்ஃபிஷ் கட்டாயம் வேண்டுமென்றால் கதையை ஏப்ரல் 5க்கு, ஈஸ்டர் ஞாயிறுக்குக் கொண்டுபோங்கள். அன்று காலை 788ஆம் ஸ்குவாட்ரனின் ஆறு ஸ்வார்ட்ஃபிஷ்கள் டார்ப்பிடோக்களோடு சீனன்குடாவிலிருந்து கொழும்பை ஒட்டிய இரத்மலானை விமானத் தளத்துக்கு வந்தன. கொழும்பைத் தாக்க வந்த ஜீரோ என்ற ஜப்பானியச் சண்டை விமானங்களின் கண்ணில் பட்டு ஆறுமே வீழ்ந்தன.

பதில் 2:
என்ஜின் விஷயம். பைலட் பட்டனை அமுக்கினால் கிளம்பிவிடாது. தரைப் பணியாளர் இருவர் விமானத்தின் பக்கவாட்டில் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவார்கள். அவர்கள் சுற்றுவது என்ஜினை அல்ல, உள்ளே உள்ள கனமான சக்கரத்தை. முதலில் அசையவே மறுக்கும். வேகம் ஏற ஏற முனகல் கூர்மையாகிக் கீச்சொலியாகும். அந்த ஒலி உச்சத்துக்கு வந்ததும் பைலட் கிளட்சைப் போட்டுச் சக்கரத்தை என்ஜினோடு இணைப்பார். பற்றவில்லையென்றால் சேர்த்த வேகமெல்லாம் வீண், மறுபடி முதலிலிருந்து சுற்றவேண்டும். அவசரக் காட்சிக்கு இதைவிடப் பதற்றம் தேவையில்லை.

முன்னால் பைலட், அடுத்து வழிகாட்டும் அப்சர்வர், கடைசியில் ரேடியோவையும் பின்துப்பாக்கியையும் பார்ப்பவர். மேலே கூரை கிடையாது. பேச்சு ரப்பர்க் குழாய் வழியாகத்தான். காற்றிரைச்சலில் பாதி போய்விடும். ஆகவே வசனம் இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் போகக்கூடாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஈஸ்டர் காட்சியையே எடுத்துக்கொள்கிறேன். டார்ப்பிடோவைக் கழற்றிவிட்டால் தப்பமுடியாதா?

பதில் 2:
கழற்றினால் 700 கிலோவுக்கு மேல் எடை குறையும், விமானம் சட்டென்று திரும்பும். ஆனால் ஸ்வார்ட்ஃபிஷின் உச்சவேகமே மணிக்கு 225 கி.மீ. அளவுதான், ஜீரோ 500ஐத் தாண்டும். நேராக ஓடித் தப்ப வழியே இல்லை. கடலை ஒட்டித் தாழ்ந்து, எதிரி சுடும் நொடியில் இறுக்கமாக வளைவதுதான் ஒரே வழி. ஜீரோவின் 20 மி.மீ. பீரங்கி ஒவ்வொன்றுக்கும் 60 குண்டுகள்தான். நாலைந்து விமானங்களைத் தொடர்ந்து அதிலேயே சுட்டு வீழ்த்துவதாக எழுதாதீர்கள். அது தீர்ந்தபின் 7.7 மி.மீ. துப்பாக்கிகள்தான் மிச்சம்.

பதில் 3:
நேரக் குழப்பத்துக்குக் காரணம் கடிகாரம். ஜப்பானியக் கடற்படை எங்கே போனாலும் டோக்கியோ நேரத்தில்தான் பதிவெழுதியது. இலங்கையில் 1942 ஜனவரியில் கடிகாரத்தை அரைமணி முன்தள்ளி, கிரீன்விச்சுக்கு 6 மணி முன்னதாக வைத்திருந்தார்கள். ஆகவே ஜப்பானியக் குறிப்பில் 3 மணி கழித்தால் உள்ளூர் நேரம். இன்றைய ஐந்தரை மணிக் கணக்கைப் போட்டால் அரைமணி பிசகும். விடியல் காட்சியில் அது வெளிச்சத்தையே மாற்றிவிடும்.

இன்னொன்று: ‘வால்’, ‘கேட்’ என்று ஜப்பானிய விமானங்களுக்கு நேசநாடுகள் வைத்த பெயர்கள் அந்த ஏப்ரலுக்குப் பிறகு வந்தவை. உங்கள் பாத்திரங்கள் வாயில் அவை வரக்கூடாது.