வீட்டிலேயே பிரசவம் என்ற பிடிவாதம்: தங்கையிடம் எப்படிப் பேசுவது?

குழுவினருக்கு வணக்கம். எட்டு மாதக் கர்ப்பிணியான என் தங்கையும் அவள் கணவரும், மருத்துவரோ செவிலியரோ இன்றி வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்வதென முடிவு செய்திருக்கிறார்கள். 2018-இல் திருப்பூரில் இப்படி நடந்த பிரசவத்தில் இரத்தப்போக்கால் ஓர் இளம் தாய் இறந்ததையும், கணவர் கைதானதையும் நினைவூட்டினால், "பாட்டி காலத்தில் ஆஸ்பத்திரியா இருந்தது?" என்கிறார் மாப்பிள்ளை. பாட்டிக்கு அருகில் கைதேர்ந்த மருத்துவச்சி இருந்தாள் என்பது மட்டும் அவருக்கு மறந்துவிடுகிறது.

உயிரிழப்பு நேர்ந்தால், அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாகப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 106-ஆம் பிரிவில் வழக்கு வரக்கூடும், 5 ஆண்டு வரை சிறை என்பது வரை படித்துத் தெரிந்துகொண்டேன். அதைவிடப் பெரிய கவலை குழந்தைதான்: பிறந்ததும் இரத்தக்கசிவைத் தடுக்கப் போடும் வைட்டமின் கே ஊசியையும், 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி தடுப்பூசியையும்கூட வேண்டாம் என்கிறார்கள். கர்ப்பத்தையே பதிவு செய்யாததால், அப்பதிவின்போது அரசு தரும், பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்கப்படும் பிக்மி எண்ணும் இல்லை. 21 நாட்களுக்குள் பிறப்பைப் பதியச் செல்லும்போது என்ன கேட்பார்கள்?

கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லிவிடலாமா, சொன்னால் தங்கை என்னோடு பேச்சையே நிறுத்திவிடுவாளா என்று தவிக்கிறேன். இத்தகையவர்களைப் பேசிச் சம்மதிக்க வைத்தவர்களும், வீட்டில் பிறந்த குழந்தைக்குச் சான்றிதழ் பெற்றவர்களும், சட்டம் அறிந்தவர்களும் தயவுசெய்து வழி சொல்லுங்கள்.