ஃபேர்னா நியாயமா, சிவப்பா, சுமாரா? பசங்களுக்கு எப்படி புரிய வைக்கறது?

டியூஷன்_மீனா:
எல்லாருக்கும் வணக்கம். எட்டாவது ஒன்பதாவது பசங்களுக்கு வீட்லயே இங்கிலீஷ் டியூஷன் எடுக்கறேன். இப்ப சினானிம்ஸ் போயிட்டு இருக்கு, கைடுல ஃபேர்னு போட்டு பக்கத்துல ஜஸ்ட், ஈக்வல், பியூட்டிஃபுல், லைட், மாடரேட்னு வரிசையா அடிச்சிருக்காங்க, பசங்களும் அப்படியே மனப்பாடம் பண்ணிட்டு வந்துட்டாங்க. 'தி வெதர் இஸ் ஃபேர்'ங்கறதுல ஃபேருக்கு பதிலா வேற வார்த்தை போடுன்னா ஒரு பையன் 'தி வெதர் இஸ் ஜஸ்ட்'னு எழுதறான். அவன திட்டவும் முடியல, கைடுல இருக்கறதத்தானே எழுதியிருக்கான். இன்னொரு பொண்ணு, மிஸ் ஃபேர் பிரைஸ் ஷாப்புன்னா நியாய விலைக் கடை, அப்ப ஃபேர் நோட்டுன்னா நியாய நோட்டானு கேக்குது. நல்ல கேள்வி, ஆனா ஒரே வார்த்தைக்கு எப்படி இத்தனை அர்த்தம் வந்துச்சுன்னு அவளுக்கு ஒழுங்கா சொல்லணும். யாராச்சும் கிளாஸ்ல இத நடத்தியிருந்தா சொல்லுங்க.

கரும்பலகை:
மேடம், இந்த மாதிரி வார்த்தைக்கு சினானிம்ல இருந்து ஆரம்பிக்கவே கூடாது, எதிர்ப்பதத்துல இருந்து ஆரம்பிங்க, பாதி குழப்பம் அங்கயே தீந்துடும்.

ஃபேருக்கு ஆதி அர்த்தம் அழகான, பாக்க இதமானங்கறதுதான். அதுக்கு நேர் எதிர் ஃபவுல், அதாவது அழுக்கு, நாத்தம். இந்த ஃபவுல் பசங்களுக்கு ஏற்கனவே தெரியும், கிரவுண்டுல தினமும் கத்தறதுதான். இப்ப ஜோடி ஜோடியா போர்டுல எழுதுங்க. அழுக்கில்லாத ஆட்டம் ஃபேர் பிளே, தப்பாட்டம் ஃபவுல் பிளே. மேகம் விலகி தெளிவா இருந்தா ஃபேர் வெதர், காத்தும் மழையுமா இருந்தா ஃபவுல் வெதர். அடித்தல் திருத்தல் இல்லாம எழுதினது ஃபேர் காப்பி, நம்ம ஃபேர் நோட்டு இதுதான். இதுக்கு எதிரா நாம ரஃப்னு சொல்றோம், ஆனா பழைய இங்கிலீஷ் நாடக ஆசிரியர்களோட கிறுக்கல் பிரதிகள ஆராய்ச்சி பண்றவங்க இன்னிக்கும் ஃபவுல் பேப்பர்ஸ்னுதான் சொல்றாங்க. ஆக எல்லாத்துக்கும் அடியில 'கறை இல்லாத'ங்கற ஒரே எண்ணம்தான் ஓடுது, நடத்தையில கறை இல்லைனா அது நியாயம், நியாயங்கற அர்த்தமே அப்படி வந்ததுதான். உங்க பொண்ணு கேட்டதுக்கு பதில் இதுதான், அவ கரெக்டான இடத்துல கை வெச்சிருக்கா.

பழைய பாரோமீட்டர் டயல் படம் ஒண்ணு கிடைச்சா காட்டுங்க. ஸ்டார்மி, ரெயின், சேஞ்ச், ஃபேர், வெரி ட்ரைனு வட்டமா எழுதியிருக்கும், முள்ளு ஃபேர்ல நின்னா மழை இல்லைனு அர்த்தம். அந்தப் பையனுக்கு வெதர் மறக்கவே மறக்காது. ஜஸ்டுக்கு பதிலா கிளியர், ஃபைன்னு எழுதச் சொல்லுங்க.

லெஸ்டர்_வாசி:
கரும்பலகை சார் சொன்னதோட ஒண்ணு சேக்கணும். நான் இருக்கறது இங்கிலாந்துல. இங்க ஒருத்தர ஃபேர்னு சொன்னா முதல்ல மனசுல வர்றது முடியோட நிறம், பொன்னிறமா வெளிர் நிறமா இருக்கற தலைமுடி, அதோட எதிர் டார்க் ஹேர். நம்ம ஊர் கல்யாண விளம்பரத்துல வர்ற ஃபேர் தோல் நிறம். ரெண்டையும் பிரிச்சு சொல்லுங்க.

அப்புறம் தயவுசெஞ்சு ஃபேர்னா பியூட்டிஃபுல்னு அந்த லிஸ்ட்ல இருக்கறத அப்படியே விட்டுடாதீங்க. அந்த அர்த்தம் இப்ப பழைய கவிதையிலயும் கதையிலயும்தான் இருக்கு, பேச்சு வழக்குல இல்ல. ஆனா கிளாஸ்ல உக்காந்திருக்கற கறுப்பா இருக்கற பொண்ணு ஒரே வரில ஃபேர்னா சிவப்பு, ஃபேர்னா அழகுன்னு படிச்சா அவ மனசுல என்ன பதியும்? 1975ல இருந்து ஃபேர்ங்கற வார்த்தையோட வித்த க்ரீமுக்கே 2020ல க்ளோ அண்ட் லவ்லினு பேர மாத்திட்டாங்க, கைடு மட்டும் ஏன் மாறக்கூடாது? 'அழகான, பழைய வழக்கு'னு பக்கத்துல ஒரு குறிப்பு எழுத வெச்சாலே போதும்.

கரும்பு_விவசாயி:
எனக்கு இங்கிலீஷ் வாத்தியார் அளவுக்கு தெரியாது ஆனா ஃபேர் பிரைஸ்னா என்னனு நல்லா தெரியும். கரும்புக்கு மத்திய அரசு வருஷா வருஷம் அறிவிக்கற எஃப்ஆர்பி, ஃபேர் அண்ட் ரெம்யூனரேட்டிவ் பிரைஸ், தமிழ்ல நியாயமான மற்றும் ஆதாய விலைம்பாங்க. 2009க்கு முன்னாடி இது சட்டப்படியான குறைந்தபட்ச விலைதான், அப்புறம்தான் பேரு மாறுச்சு. கவனிங்க, ஃபேர்னு மட்டும் போடாம ரெம்யூனரேட்டிவ்னும் சேத்துப் போட்டிருக்காங்க, ஏன்னா நியாயமா தெரியற விலையில விவசாயிக்கு லாபம் நிக்கும்னு சொல்ல முடியாது. 2013 நிலம் கையகப்படுத்தற சட்டத்தோட பேர்லயும் ஃபேர் காம்பன்சேஷன் வருது, அங்க ஃபேர்னா எவ்வளவுன்னு சட்டமே கணக்கு போட்டு வெச்சிருக்கு, கிராமத்துல சந்தை மதிப்ப ரெண்டு மடங்கு வரைக்கும் பெருக்கி அதுக்கு மேல 100 சதவீதம் ஆறுதல் தொகை. இந்த மாதிரி இடத்துல ரீசனபிள் பொருந்தும்னு நினைக்கறேன், வாத்தியாருங்க சொல்லுங்க.

ஸ்க்ரைப்_வாலண்டியர்:
பொருந்தும் அண்ணா, விலைக்கு ரீசனபிள், ஜஸ்ட் ரெண்டுமே ஓகே. ஆனா அந்த கைடுல ஈக்வல்னு போட்டிருக்கறத நான் ஒத்துக்கவே மாட்டேன். பார்வை இல்லாத மாணவங்களுக்கு நான் பரீட்சை எழுதிக் குடுக்கறேன். எல்லாருக்கும் மூணு மணி நேரம்னா அது ஈக்வல். கேள்விய வாசிச்சுக் காட்டி அவங்க சொல்லச் சொல்ல எழுதற நேரத்தையும் சேத்து குடுத்தாத்தான் ஃபேர். மத்திய அரசோட 2018 வழிகாட்டுதல்லயே ஒரு மணி நேரத்துக்கு குறைஞ்சது 20 நிமிஷம் கூடுதலா குடுக்கணும்னு இருக்கு. சினானிம் வேணும்னா ஈக்விட்டபிள்னு போடுங்க. நடுவர், நீதிபதி மாதிரி ஆளப் பத்தின்னா இம்பார்ஷியல், அன்பயஸ்ட். இதுங்களுக்கு எதிர் பயஸ்ட்.

டியூஷன்_மீனா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஈக்வல இன்னிக்கே அடிக்கச் சொல்லிடறேன். இன்னும் ரெண்டு டவுட். ப்ராக்ரஸ் ரிப்போர்ட்ல ஃபேர்னு போட்டா அது நல்லதா கெட்டதா? இதுக்கு எதிர்ப்பதம் என்ன எழுதறது? அப்புறம் புக் ஃபேர்?

கரும்பலகை:
ரிப்போர்ட்ல வர்ற ஃபேருக்கு எதிர்ப்பதமே கிடையாது, அதுதான் அத அடையாளம் கண்டுபிடிக்கற வழி. எக்ஸலன்ட், வெரி குட், குட், ஃபேர், புவர்னு படிக்கட்டா போகும், குட்டுக்கு கீழ புவருக்கு மேல, நம்ம 'பரவால்ல'. நிறைய பெத்தவங்க ஃபேர்னு பாத்துட்டு நல்லா படிக்கறான்னு சந்தோஷப்படறாங்க, பாவம். மாடரேட், ஆவரேஜ் இங்கதான் பொருந்தும். ஃபேர்லியும் இதே கதைதான், ஃபேர்லி குட்னா குட்ட விட ஒரு படி கம்மி. ஆனா 'ஹி ட்ரீட்டட் அஸ் ஃபேர்லி'ன்னா நியாயமா நடத்தினார்னு அர்த்தம், ஒரு அட்ஜெக்டிவுக்கு முன்னாடி வந்தா ஓரளவு, இப்படி நடந்துக்கற விதத்த சொல்ற வெர்புக்குப் பின்னாடி வந்தா நியாயமா.

புக் ஃபேர் வேற வார்த்தை மேடம், லத்தீன்ல திருவிழா நாளக் குறிக்கற ஃபேரியாவுல இருந்து வந்தது, இதோட சொந்தமே இல்ல. பஸ் ஃபேரும் வேற, அதுக்கு ஸ்பெல்லிங்கே வேற. ரெண்டையும் தனித்தனி பக்கத்துல எழுத வைங்க.