என் முகத்தில் அம்மாவின் சுங்குடி

கேள்வி: மயிலாப்பூர், வயது 48. முதல் தடவையாக என் முகத்தை வரைகிறேன். கன்னத்துக்கு அம்மாவின் சுங்குடிப் புடவைத் துண்டு, கழுத்துக்குப் பழைய ரேஷன் கார்டு நகல். துணிமேல் ஆயில் பேஸ்டல் (எண்ணெய் வண்ணக்குச்சி) தீட்டி அக்ரிலிக் வண்ணம் பூசினேன், உரிகிறது. கண்ணும் அம்மா கண்ணாகவே வருகிறது. மாற்றவா?

பதில்: எண்ணெய்ப் பிசுக்கின்மேல் அக்ரிலிக் பிடிக்காது. முதலில் அக்ரிலிக், கடைசியில் பேஸ்டல். இந்த ஐப்பசி ஈரத்தில் நன்றாகக் காயவிடுங்கள்.

பதில்: கண்ணைத் தொடாதீர்கள் அக்கா. ரேஷன் கார்டு எழுத்தையும் மறைக்க வேண்டாம். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியங்களில் எழுத்துகளே உருவமாக நிற்கும், பாருங்கள்.

கேட்டவர்: உரித்துவிட்டேன். அடியில் சுங்குடிப் புள்ளிகள், அம்மைத் தழும்பு மாதிரி. சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டது. இத்தனை வருஷம் பவுடரால் மறைத்தேன். சரி, கன்னத்தில் இனி வண்ணமே வேண்டாம்.