கிங்டம் ஆஃப் ஹெவன்: நீண்ட பதிப்பில் படம் தேறியது, வரலாறு?

கடைசிவரிசை:
12ஆம் நூற்றாண்டு ஜெருசலேமில் நடக்கும் சிலுவைப் போர்க் கதை ‘கிங்டம் ஆஃப் ஹெவன்’. 2005ல் தியேட்டருக்கு வந்தது 144 நிமிடம். ரிட்லி ஸ்காட்டின் இயக்குநர் பதிப்பு சுமார் 190 நிமிடம். படத்தைத் திட்டுகிறவர்களில் பாதிப்பேர் இரண்டாவதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள் என்பது என் சந்தேகம். தியேட்டர் பதிப்பில் அரசி சிபில்லா திடீரென்று கூந்தலைக் கத்தரித்துக்கொண்டு பித்துப் பிடித்தவள் போல் இருப்பாள். ஏன் என்று புரியாது. அவளுடைய மகன் ஐந்தாம் பால்ட்வினை எடிட்டிங்கில் மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள், அதனால்தான். இயக்குநர் பதிப்பில் பையன் முத்திரை வைக்கும்போது சூடான மெழுகு கையில் சொட்டுகிறது. அவன் முகம்கூடச் சுளிப்பதில்லை. மாமனுக்கு வந்த தொழுநோய் இவனுக்கும் வந்துவிட்டது என்று தாய்க்கு விளங்குகிறது. பிறகு மடியில் கிடத்தி, காதில் விஷத்தை ஊற்றுகிறாள். சிபில்லாவாக வரும் எவா கிரீன் நடித்ததே இந்தப் பகுதியில்தான்!

ஏடுபுரட்டி:
காட்சி அருமை, மறுக்கவில்லை. ஆனால் அப்படி ஒன்று நடந்ததற்கு ஆதாரமே இல்லையே. ஐந்தாம் பால்ட்வின் 1186ல் சின்னப் பையனாகவே இறந்துபோனது உண்மை. தொழுநோய், தாய் கையால் விஷம் எல்லாம் திரைக்கதையின் சரக்கு.

தொழுநோய் அவன் மாமன், ஜெருசலேம் மன்னர் நான்காம் பால்ட்வினுக்குத்தான். அதைக் கவனித்தவர் அவருடைய ஆசிரியரான டயர் நகரத்து வில்லியம். பையன்கள் விளையாட்டாக ஒருவர் கையை ஒருவர் நகத்தால் கீறிக்கொள்ள, மற்றவர்கள் வலியில் கத்துகிறார்கள், இளவரசன் மட்டும் எதுவும் நடக்காதது போல் இருக்கிறான். வில்லியமே தன் வரலாற்று நூலில் எழுதிவைத்த சம்பவம் இது. மாமனுடையதை எடுத்து மருமகன் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

இடைவேளைமுறுக்கு:
நீளம்தான் மருந்து என்றால் ஆலிவர் ஸ்டோனின் ‘அலெக்சாண்டர்’ எப்போதோ பிழைத்திருக்கும். 2004ல் 175 நிமிடம். அடுத்த வருடம் இயக்குநர் பதிப்பு என்று சொல்லி 8 நிமிடம் குறைத்தார். 2007ல் 214, 2014ல் 206. நாலு பதிப்பு வந்தும் எனக்கு ஒட்டவில்லை.

கடைசிவரிசை:
அலெக்சாண்டரை இங்கே இழுக்காதீர்கள். அங்கே காட்சிகளின் வரிசையை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தார். இங்கே ஒரு பாத்திரமே உயிரோடு திரும்பி வருகிறது.

ஏடுபுரட்டி, பொய் என்றால் தியேட்டர் பதிப்பிலும் குறைவில்லை. படத்தில் நாயகன் பேலியன் பிரான்ஸில் கொல்லன். நிஜ பேலியன் ஜெருசலேம் ராஜ்யத்திலேயே பெரிய குடும்பத்துப் பிரபு. சிபில்லாவின் மாற்றாந்தாய் மரியா கொம்னேனாவை மணந்தவர். இரண்டிலும் பொய் சரிசமம் என்றால் நன்றாகச் சொல்லும் பதிப்பைத்தானே எடுத்துக்கொள்ள வேண்டும்?

ஏடுபுரட்டி:
சரிசமம் எங்கே? நிஜ சிபில்லா படத்தில் வருபவளைவிடக் கெட்டிக்காரி. மகன் இறந்த பிறகு, கணவன் கீயைத் தள்ளிவைத்தால்தான் முடிசூட்டுவோம் என்றார்கள் எதிர்த்த பிரபுக்கள். சரி, ஆனால் அடுத்த கணவனை நானே தேர்ந்தெடுப்பேன் என்றாள். முடிசூடிய கையோடு அதே கீயைக் கூப்பிட்டு அவன் தலையில் கிரீடத்தை வைத்தாள். முக்கால் மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தும் இந்தத் தந்திரத்துக்கு இடமில்லை!

இன்னொன்று. ஜெருசலேம் விழுந்த பிறகு பேலியனும் கீயும் வாள்சண்டை போடுவது இயக்குநர் பதிப்பில் மட்டும்தான். 1187 ஜூலையில் ஹட்டின் போரில் பிடிபட்ட கீ, அக்டோபரில் நகரம் சரணடைந்தபோது அதைப் பிடித்த சுல்தான் சலாவுதீனின் கைதி. விடுதலையானது 1188ல். இந்த விஷயத்தில் கத்தரி போட்ட பதிப்புதான் வரலாற்றுக்குக் கிட்டே நிற்கிறது.

கடைசிவரிசை:
அந்தச் சண்டை எனக்கும் வேண்டாம், வெறும் விசில் காட்சி. ஆனால் நீங்கள் சொல்லும் முடிசூட்டுக் கதையை அப்படியே எடுத்தால் அவளுக்குக் கீ மேல்தான் ஆசை என்றாகிவிடும். பேலியனுடன் காதல் எங்கே நிற்கும்? அது வேறு படம். ஸ்காட் எடுத்த படத்தை முழுசாகக் காட்டுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இடைவேளைமுறுக்கு:
அதே ஸ்காட்தான் ‘கிளேடியேட்டர்’ 171 நிமிடப் பதிப்பு வந்தபோது, இது இயக்குநர் பதிப்பு இல்லை, தியேட்டரில் வந்ததுதான் என்னுடையது என்றார். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?