ஞாயிறு மிக்ஸட் சாஃப்ட்பால்: பெண் அடித்தால் ரன் இரட்டிப்பா? விதி பற்றிப் பேசலாம் வாங்க

சாக்கு பேஸ் (தொடக்கப் பதிவு)

எல்லோருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஞாயிறு காலை நாம் ஆடுகிற ஆண், பெண் சேர்ந்த சாஃப்ட்பாலுக்கு (பேஸ்பால் மாதிரிதான், பந்தை அடித்துவிட்டு மூன்று பேஸையும் தொட்டு பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன்) இது மூன்றாவது சீசன். விதி என்று எழுதி வைத்தது ஒன்றுமில்லை. தெருக் கிரிக்கெட்டில் "அந்தச் சுவர்ல பட்டா அவுட்டு" என்கிற மாதிரி வாய்ப்பேச்சிலேயே ஓட்டிவிட்டோம். போன ஞாயிறு நடந்ததைப் பார்த்த பிறகு எனக்கு அது போதும் என்று தோன்றவில்லை.

வராதவர்களுக்காகச் சொல்கிறேன். கடைசி இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்றாம் பேஸில் ஆள், ஒரு ரன் பின்னால். நம்ம கூட்டத்திலேயே தூரமாக அடிக்கிறவர் பேட் எடுத்து வந்தார். பிட்சர் நாலு பந்தையும் பிளேட்டுக்கு ஒரு முழம் தள்ளிப் போட்டு அவரை வாக்கில், அதாவது அடிக்காமலே, முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டார். காரணம், அடுத்து வருவது இந்த வருஷம்தான் பேட் பிடிக்கப் பழகிய ஒரு அக்கா. மூன்று பந்தில் அவுட். உள்ளே நின்ற ஒருத்தர் "ஏன் வாக் விட்டோம்னு இப்ப தெரியுதா" என்று சத்தம் போட்டார். அக்கா கிளவுஸைக் கழற்றி வைத்தார், டீக்குக்கூட நிற்கவில்லை, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது நம் வழக்கம்: பத்துப் பேரில் குறைந்தது மூன்று பெண்கள், பெண் அடித்து வரும் ரன் இரண்டாகக் கணக்கு. இதைத் தூக்கிவிட்டு, அமெரிக்காவில் மிக்ஸட் ஸ்லோபிட்ச் (பந்தை மெதுவாக வளைத்து வீசுகிற வகை) ஆட்டத்துக்கு இருக்கிற விதியையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. அங்கே ஐந்து ஆண், ஐந்து பெண். பேட்டிங் மாறி மாறி. ஆண்கள் அடிப்பது 12 அங்குலச் சுற்றளவுப் பந்து, பெண்களுக்கு 11 அங்குலம். ஆணை வாக் விட்டால் ஒரு பேஸ் இல்லை, இரண்டு. ஆவணியில் அடுத்த சீசன் தொடங்குவதற்குள் முடிவு செய்யணும். சொல்லுங்க.

மூணாம் பேஸ்

அந்தச் சத்தம் போட்டது நான். அக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. நேரில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் வாக் விட்டது தப்பு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நல்லா அடிக்கிற ஆளை விட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போவது எந்த ஆட்டத்திலும் உண்டு. அடுத்து வந்தது புதுசாகச் சேர்ந்த ஒரு பையனாக இருந்திருந்தால் இந்தப் பதிவே வந்திருக்காது.

பந்து விஷயம் இன்னும் மோசம். பேட்மிண்டன் மிக்ஸட் டபுள்ஸில் ஆளுக்கு ஒரு ஷட்டிலா கொடுக்கிறார்கள்? ஒவ்வொரு பேட்டருக்கும் பந்தை மாற்றிக்கொண்டே இருந்தால் ஆட்டம் எப்போ முடியும்? ஏழு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. ரன் இரட்டிப்பை எடுத்துவிடலாம், அதற்கு நான் சம்மதம். மற்றதெல்லாம் கோட்டித்தனம்.

பழைய பிட்சர்

நான் பல்கலைக்கழக அணிக்கு ஃபாஸ்ட்பிட்ச், அதாவது வேகமாக வீசுகிற சாஃப்ட்பால், ஆடியவள். கல்யாணத்துக்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் பந்தையே தொடவில்லை. அதனால் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும்.

தம்பி, வாக் விதியை முழுசாகப் படிக்காமலே கோட்டித்தனம் என்றுவிட்டீங்க. பேட்டிங் ஆண், பெண் என்று மாறி மாறி வரும்போது, ஆணை விட்டுவிட்டுப் பெண்ணிடம் போவது ஒவ்வொரு இன்னிங்ஸிலும் நடக்கும். ஒருத்தர் புதுசு என்பது பிரச்சினை இல்லை. ஒரு வரிசையே அப்படி ஆகிவிடும். அதைத் தடுக்கத்தான் இரண்டு பேஸ். இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு அவுட் ஆன நிலையில் ஆணுக்கு வாக் விழுந்தால், அடுத்து வருகிற பெண் தானும் வாக் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் அடிக்கலாம். அவள் இஷ்டம்.

போன ஞாயிறுக்கு அதைப் பொருத்திப் பாருங்க. அவருக்கு இரண்டாம் பேஸ். மூன்றாம் பேஸில் ஏற்கனவே ஆள். அக்கா வாக் கேட்டிருந்தால் முதல் பேஸும் நிறைந்திருக்கும். அடுத்து பேட் பிடிப்பது இன்னொரு ஆண். அவரையும் வாக் விட்டால் முன்னால் நிற்கிறவர்கள் நகர்ந்து ரன் உள்ளே. அந்த பிட்சர் அப்போது நாலு பந்தைத் தள்ளிப் போட்டிருப்பாரா?

சின்னப் பந்து எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் வேறு காரணத்துக்காக. அதைப் பிறகு எழுதுகிறேன், அடுப்பில் வேலை இருக்கிறது.

மூணாம் பேஸ்

சரி, அந்த இரண்டு அவுட் சங்கதி எனக்குத் தெரியாது. அது நல்லாத்தான் இருக்கு. ஒத்துக்கொள்கிறேன்.

ஐந்துக்கு ஐந்துதான் நடக்காது. வைகாசி முகூர்த்த மாசத்தில் நம்ம அணிக்கு எத்தனை பெண்கள் வந்தார்கள்? ஒரு வாரம் இரண்டே பேர்.

போன ஞாயிறு போன அக்கா

எல்லோரும் என்னைப் பற்றித்தான் பேசுகிறீங்க, அதனால் நானே வந்துவிட்டேன்.

முதலில் ஒன்று. நான் கோபத்தில் போகவில்லை. அன்றைக்கு வீட்டில் சொதி. மருமகன் வீட்டார் பதினொரு பேர் வருகிறார்கள். எட்டரைக்குள் தேங்காய்ப்பால் மூன்று தரம் எடுத்தாகணும். ஆட்டம் எட்டு மணிக்கு முடியும் என்று சொல்லி எட்டேகால் வரை இழுத்தது நீங்கள். போனை எடுக்காததும் அதனால்தான், கை பூராவும் தேங்காய்த் துருவல்.

அவுட் ஆனது எனக்கு வருத்தமே இல்லை. பந்து போடட்டும், நான் சுழற்றுகிறேன், பட்டால் பட்டது. பழைய பிட்சர் சொன்ன மாதிரி வாக் எடுக்கலாம் என்றிருந்தாலும் நான் எடுத்திருக்க மாட்டேன். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து வருவது அடிக்கிறதுக்கு. தாராளமாக என்னிடம் வாங்க.

எனக்கு வலிப்பது ஃபீல்டிங். நான் எப்போதும் ரைட் ஃபீல்டு, பந்து அதிகம் வராத வலது பக்க வெளி மூலை. சேர்ந்த நாளிலிருந்து அங்கேதான். போன மாசம் ஒரு பந்து. உயரமாக, நேராக எனக்கு. இரண்டு அடி பின்னால் போனேன், கிளவுஸை நெற்றிக்கு மேலே தூக்கினேன், "எனக்கு, எனக்கு" என்று இரண்டு தரம் கத்தினேன். பந்தின் தையல்கூடக் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போது இடது காதுப் பக்கம் தடதடவென்று காலடிச் சத்தம். சென்டரில் நின்றவர் அத்தனை தூரம் ஓடி வந்து என் கிளவுஸுக்கு முன்னால் கையை நீட்டிப் பிடித்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கிளவுஸோடு. வீட்டுக்குப் போகிற வழியில்தான், நான் எதுக்குக் கைதட்டினேன் என்று யோசித்தேன்.

இதுவரை என் பக்கம் வந்த பறக்கும் பந்துகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் என் கைக்கு வந்து சேர்ந்தது இரண்டு. இதற்கு என்ன விதி வைத்திருக்கிறீங்க?

தச்சநல்லூர் லெஃப்ட் ஃபீல்டு

சென்டரில் நின்றது நான் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சாக்கு பேஸ்

அது நான். அக்கா, நீங்கள் கைதட்டியதைப் பார்த்து சந்தோஷமாக இருக்கிறீங்க என்று நினைத்துவிட்டேன்.

அம்பயர் அண்ணாச்சி

நாற்பது வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்கு விசில் ஊதியவன் சொல்கிறேன், கேளுங்க.

அக்கா சொன்னதுக்கு மருந்து அந்த அமெரிக்க விதியிலேயே இருக்கு. சாக்கு பேஸ் தம்பி அதை எழுதாமல் விட்டுட்டார். அங்கே பல இடங்களில் ஐந்து ஆண், ஐந்து பெண் என்பதோடு அது நிற்காது. உள்வட்டம், அதாவது பேஸ்களை ஒட்டி நிற்கிற நாலு பேரில் இரண்டு ஆண், இரண்டு பெண். வெளியே நாலு பேரிலும் அதே கணக்கு. பிட்சர், கேட்சர் இரண்டில் ஒருத்தர் ஆண், ஒருத்தர் பெண். ஏன் இப்படி எழுதினான்? எழுதாவிட்டால் பெண்களை எல்லாம் ரைட் ஃபீல்டிலும் பிளேட்டுக்குப் பின்னாலும் நிறுத்திவிட்டு, ஷார்ட்ஸ்டாப்பும் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கிற இடம்) மூன்றாம் பேஸும் ஆண்கள் எடுத்துக்கொள்வார்கள். சிகாகோவில் 1887-இல் உடற்பயிற்சிக் கூடத்துக்குள்ளே விளையாட்டாகத் தொடங்கிய ஆட்டம் இது. அன்றிலிருந்து மனுசன் புத்தி ஒண்ணுதான்.

கோர்ஃப்பால் என்று நெதர்லாந்தில் ஒரு ஆட்டம் இருக்கு, 1902-இல் ஒரு பள்ளி ஆசிரியர் உண்டாக்கியது. நாலு ஆண், நாலு பெண். ஆணை ஆண்தான் மறிக்கலாம், பெண்ணைப் பெண்தான் மறிக்கலாம். பந்தும் கூடையும் எல்லோருக்கும் ஒன்றே. பெண்ணுக்கு இரண்டு புள்ளி என்றெல்லாம் கிடையாது. யார் யார் எதிரே நிற்கலாம் என்பதை மட்டும் ஒழுங்கு செய்தான், ஆட்டம் தானாகச் சமமாகிவிட்டது.

பந்து பற்றி மூணாம் பேஸ் சொன்னது அரைகுறை. பேட்மிண்டனில் ஷட்டில் ஒன்று, சரி. பாஸ்கெட்பாலில் ஆண்களுக்கு 7-ஆம் எண் பந்து, பெண்களுக்கு 6. கிரிக்கெட்டிலும் பெண்கள் பந்து எடை குறைவு, 140 முதல் 151 கிராம். ஆண்களுக்கு 156-க்கு மேலே.

மூணாம் பேஸ்

அண்ணாச்சி, அதெல்லாம் பெண்கள் பெண்களோடு ஆடுகிற ஆட்டம். ஒரே ஆட்டத்தில் இரண்டு பந்து வைப்பது வேறு.

சரி, உள்வட்டத்தில் இரண்டு பெண் என்றால் மூன்றாம் பேஸை யார் விட்டுக்கொடுப்பது? என் பெயரையே மாற்றணுமா?

பழைய பிட்சர்

அடுப்பு வேலை முடிந்தது.

பந்து. பேர்தான் சாஃப்ட். 12 அங்குலப் பந்தின் எடை 178 முதல் 198 கிராம். கிரிக்கெட் பந்தைவிடக் கூட. கிரிக்கெட் ஆடி வந்த பையன்கள் முதல் நாள் வெறுங்கையில் பிடித்துவிட்டு விரலை உதறுவதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். அதனால் பெண்ணுக்குச் சின்னது கொடுத்தால் அவள் தூரமாக அடிப்பாள் என்பது உண்மை. அதற்குத்தான் அப்படி விதி. ஆனால் நம்ம ஊரில் நான் கேட்ட இரண்டு கடையிலும் 11 அங்குலம் இல்லை. வரவழைத்தாலும், நம்ம செம்மண்ணில் நாலு வாரத்தில் இரண்டு பந்தும் ஒரே நிறம். அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எது சின்னது, எது பெரிசு என்று பார்ப்பதற்குள் அடுத்த ஞாயிறு வந்துவிடும். இதுதான் என் காரணம்.

ஸ்லோபிட்ச் என்றாலே பந்து குறைந்தது 6 அடி உயரம் வளைந்து வரணும். அதை ஒழுங்காகப் பார்த்தாலே புதுசாக வந்தவர்களுக்குப் பாதிக் கஷ்டம் தீரும். நம்ம பிட்சர்கள் மூன்றாவது இன்னிங்ஸுக்கு மேல் தட்டையாக வீச ஆரம்பித்துவிடுகிறார்கள். யாரும் கேட்பதில்லை. அண்ணாச்சியும்தான்.

அக்கா கேட்டதுக்கு என் யோசனை: "எனக்கு" என்று ஒருத்தர் கூப்பிட்ட பிறகு குறுக்கே வந்து இன்னொருத்தர் பிடித்தால் அது கேட்ச் இல்லை. பேட்டருக்கு முதல் பேஸ். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விதிதான், நாமே வைத்துக்கொள்ளலாம். ஆண், பெண் என்று அதில் எழுதவே வேண்டாம்.

மூணாம் பேஸ்

இது சரிப்படாது. ஆனி, ஆடிக் காத்தில் பக்கத்தில் நிற்கிறவன் தும்மினால்கூடக் கேட்காது. கூப்பிட்டது கேட்கவில்லை என்று ஒவ்வொருத்தனும் சொல்லுவான், நான் உட்பட. அப்புறம் கூப்பிட்டுவிட்டு விட்டுவிட்டால்? பந்து தரையில், ரன் உள்ளே, அடுத்த ஆள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கணுமா? தோற்ற அணிதான் எல்லோருக்கும் பதநீர் வாங்கணும், ஞாபகம் இருக்கட்டும்.

போன ஞாயிறு போன அக்கா

விட்டால் விட்டது தம்பி. நீ போன மாசம் மூன்று விட்டாய். உனக்குக் குறுக்கே யாரும் ஓடி வரவில்லையே.

தச்சநல்லூர் லெஃப்ட் ஃபீல்டு

அக்கா 1, மூணாம் பேஸ் 0. இரட்டிப்பு இல்லாமலே.

அம்பயர் அண்ணாச்சி

குறுக்கே வருவதில் எனக்கு மானப் பிரச்சினையைவிட மண்டைப் பிரச்சினை பெரிசு. இரண்டு பேரும் மேலே பார்த்துக்கொண்டு ஓடினால் முட்டும். 45 கிலோ ஆளும் 85 கிலோ ஆளும் முட்டினால் யாருக்கு அடி என்று சொல்லத் தேவையில்லை. அதே காரணத்துக்காக முதல் பேஸை இரட்டை பேஸாக வையுங்க. உள்ளே வெள்ளை, ஃபீல்டருக்கு. வெளியே ஆரஞ்சு, ஓடி வருகிறவருக்கு. கால் மிதிபடாது.

காத்தில் கேட்காது என்பது வாஸ்தவம். என் காதும் பழைய காது இல்லை. கேட்டால் கொடுப்பேன், கேட்காவிட்டால் கொடுக்க மாட்டேன். அதுக்கு மேலே என்னிடம் வாதாடக் கூடாது.

தட்டையாக வீசுவதை நான் கேட்பதில்லை என்றது உண்மை. இனிமேல் கேட்பேன்.

சாக்கு பேஸ்

சரி, இப்போதைக்கு இப்படி வைத்துப் பார்க்கலாம். ரன் இரட்டிப்பு போயாச்சு, அதற்கு எதிர்ப்பு இல்லை. மாறி மாறி பேட்டிங், ஆணை வாக் விட்டால் இரண்டு பேஸ், இரண்டு அவுட் என்றால் அடுத்த பெண் விருப்பம். பந்து 12 அங்குலம் ஒன்றே. ஐந்து பெண்கள் வராத வாரம் நாலு, ஐந்து என்று ஒன்பது பேரோடு ஆடலாம். ஆள் இல்லாத இடத்துக்கு அவுட் கொடுப்பது மற்ற இடங்களில் சிலர் செய்வது, நமக்கு வேண்டாம். எட்டு மணிக்கு மேல் புது இன்னிங்ஸ் கிடையாது. சொதியை யோசித்து வைத்தது.

"எனக்கு" விதி இன்னும் முடியவில்லை. மூணாம் பேஸும் இன்னும் இரண்டு பேரும் வேண்டாம் என்கிறார்கள். இந்த ஒரு ஞாயிறு மட்டும் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்வோம். உள்வட்டத்தில் செகண்ட் பேஸ் அக்கா, மூன்றாம் பேஸ் பழைய பிட்சர்.

மூணாம் பேஸ்

அப்போ நான் எங்கே வே?

சாக்கு பேஸ்

ரைட் ஃபீல்டு.

வீட்டில் வெள்ளை பெயின்ட் இருக்கு, ஆரஞ்சு இல்லை. யாரிடமாவது மிச்சம் இருந்தால் சனிக்கிழமை ராத்திரிக்குள் கொண்டுவந்து கொடுங்க. சாக்கு தைத்தாச்சு, மணல் மட்டும் நிரப்பணும்.