பதில்: அத்தை வீடு – பணம் எதற்கு, எவ்வளவு

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

அத்தை வீட்டைக் காப்பாற்ற நம் சங்கத்தின் வழியாகப் பணம் கேட்டு நான் போன வாரம் போட்ட மடலுக்குப் பதினேழு பதில் வந்திருக்கிறது. பணம் தருகிறோம் என்றவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் கேட்டது கணக்கு. நெய்க்காரர் வீட்டு அண்ணன் ரசீது கேட்டதில் தப்பே இல்லை. குளத்துப் படிக்கட்டு விஷயத்தில் அவர் பட்டது எல்லோருக்கும் தெரியும். முதலில் கண்ணால் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சேலம் கன்னங்குறிச்சியில் போய் இறங்கியபோது தெருமுனையில் வீட்டை இடிக்க வந்த ஜேசிபி நின்றது. அத்தை திண்ணையில் உட்கார்ந்து அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். "மூணு நாளா நிக்குதுப்பா. டிரைவர் பையனுக்கு மோர் குடுத்தேன், அவன் என்ன பண்ணுவான் பாவம்" என்றார். அத்தைக்கு 74 வயது. ராத்திரிப் படுக்கையும் திண்ணையில்தான். உள்ளே படுத்தால் வண்டிச் சத்தம் கேட்காதாம்.

அன்றைக்கே மழை. அத்தை எழுந்து, விளக்குக்கூடப் போடாமல், ஏழு இடத்தில் பாத்திரம் கொண்டுபோய் வைத்தார். அண்டா எங்கே, சொம்பு எங்கே என்று கைக்கே தெரிகிறது.

"இடிந்து விழப்போகிற வீடு" என்று டொராண்டோ மாமா எழுதியிருந்தார். மாமா, நான் கொத்தனாரைக் கூப்பிட்டு ஏறிப் பார்க்கச் சொன்னேன். அது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்து, மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓடு பதித்தது. தட்டோட்டுச் சந்து விட்டுப்போனதால்தான் ஒழுகுகிறது. ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொரு உத்திரமாகக் குத்திப் பார்த்தார். பதினாறில் இரண்டுக்குத்தான் சுவருக்குள் போகிற முனை மக்கியிருக்கிறது. முனையை மட்டும் வெட்டி ஒட்டுப் போட்டால் போதும் என்கிறார். பின்சுவர் பொரிந்து உதிர்வது உண்மை. அது என் அப்பா சிமெண்ட் பூசிய சுவர். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அதை உள்ளேயே அடைத்து வைத்துவிட்டது. நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். இப்போது அதைக் கொத்தி எடுத்துவிட்டு, கடுக்காய்த் தண்ணியும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு பூச வேண்டும்.

பெரியப்பா மகன்கள் தங்கள் பங்கை வெளியாளுக்கு விற்றார்கள். விற்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பெரியம்மா படுக்கையில் கிடந்த பதினோரு மாதமும் பீ மூத்திரம் அள்ளிய அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அது ஆறவில்லை, ஆறாது.

பொம்பளைக்கு ஏது பங்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு என்றாகிவிட்டது. அந்தத் தேதியில் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இந்த வீடு பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்து. அத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு.

அடுத்தது, பங்கை வாங்கிய அந்த வெளியாள் கொண்டுவந்து நிறுத்திய ஜேசிபி. கூட்டுக் குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாள், வீட்டுக்குள் வந்து கூடவே குடியிருக்க உரிமை கோர முடியாது. 1882-ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டம் 44-ஆம் பிரிவு. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், குடும்பத்தில் ஒருவர் அந்தப் பங்கை வாங்கிக்கொள்கிறேன் என்று கேட்கலாம். கோர்ட் விலை வைத்துக் கொடுக்க வேண்டும். இது 1893-ஆம் வருஷப் பாகப்பிரிவினைச் சட்டம் 4-ஆம் பிரிவு. அவர் வழக்குப் போட்டுவிட்டார். அத்தை வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். அதற்குத்தான் பணம்.

வக்கீல் கணக்கில் அந்தப் பங்கு 27 லட்சம் வரும். அத்தை நிலம் விற்றது 12. நான் 5. குறைவது 10 லட்சம். கூரைக்கும் பின்சுவருக்கும் 3,40,000. நெய்க்காரர் வீட்டு அண்ணா, ரசீது கேட்டீர்களே. உத்திரத்தில் ஒரு கம்பி தொங்குகிறது. தாத்தா காலத்திலிருந்து கட்டிய வீட்டு வரி ரசீது அத்தனையும் அதில் குத்தியிருக்கிறது. ஒரு வருஷம்கூட விடவில்லை. அந்தக் கம்பியை வைத்திருக்கிறவரிடம்தான் உங்கள் பணம் போகிறது.

சங்கப் பணம் தனியார் வீட்டுக்கா என்பது நியாயமான கேள்வி. என் அப்பா பங்கை அத்தைக்கே விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கிறேன். அத்தை தன் ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டைச் சங்கத்துக்கு செட்டில்மென்ட் எழுதுகிறார். படிப்பகம் நடத்த வேண்டும், இடிக்கக் கூடாது என்பது பத்திரத்திலேயே இருக்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் இப்போது சங்கத்துக்குப் பணம் அனுப்ப வேண்டாம். அது 2010-ஆம் வருஷ வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். நம் சங்கத்துக்கு அந்தப் பதிவு இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பலாம்.

துபாய் மாமா, புது மண்டபம் கட்டி கிரானைட்டில் பெயர் வெட்டலாம் என்கிறீர்கள். உங்கள் அப்பா கையெழுத்துப் போடக் கற்றது அத்தை வீட்டுத் திண்ணையில் நடந்த ராத்திரிப் பள்ளியில். சிலேட்டு மாட்டிய ஆணி இரண்டாம் தூணில் இன்னும் இருக்கிறது. ஏற்காடு ரோட்டில் 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸில் முகப்பு வளைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அதன் முன்னால் நின்று படம் எடுத்து இந்தக் குழுவில் போடுகிறோம். பின்னால் இருந்த ஸ்டூடியோவை நம் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? இந்த வீட்டை முழுசாகக் காட்டலாம் மாமா.

அத்தையிடம் பேச விரும்புகிறவர்கள் ஊர் நேரம் காலை ஆறுக்கு முன் கூப்பிடுங்கள். அதற்கப்புறம் குழாயில் தண்ணி வந்துவிடும், குடத்தை வைத்துவிட்டு வரமாட்டார்.