மறு: மைக்ரோசிமுலேஷனுக்குத் தமிழ்ச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

ஒரு விதிமாற்றத்தின் விளைவை ஒவ்வொரு ஆளுக்கும் வீட்டுக்கும் தனித்தனியே கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் முறையே மைக்ரோசிமுலேஷன். அதற்கு முந்தைய மடலில் முன்மொழியப்பட்ட 'நுண்பாவனை' ஓசையில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இலங்கையில் 'பாவனை' என்பது பயன்பாட்டைக் குறிக்கும். 'பாவனையாளர்' என்று நாள்தோறும் எழுதுகிறவர்கள் இதைச் சிறு அளவிலான பயன்பாடு என்றே படிப்பார்கள். அதைவிடப் பெரிய தடை 'நுண்' என்ற அடையில் இருக்கிறது. இங்கே நுண்மை என்பது கணக்கிடப்படும் அலகின் தன்மையே தவிர, போலச்செய்தலின் தன்மை அன்று. 1957இல் இம்முறையை முன்வைத்த அமெரிக்கப் பொருளியலாளர் கய் ஆர்கட், பொருளாதாரத்தைத் திரட்டுத் தொகைகளிலிருந்து அல்லாமல், முடிவெடுக்கும் தனியாள், குடும்பம், நிறுவனம் ஆகியவற்றிலிருந்து கட்டியெழுப்ப வேண்டும் என்றார்.

இங்கிலாந்தின் வருமான வரியை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆண்டுக்கு 12,570 பவுண்டாக உள்ள வரிவிலக்கு வரம்பை 1,000 பவுண்டு உயர்த்தினால், புதிய வரம்பையும் தாண்டிச் சம்பாதித்து 20 விழுக்காடு வரி கட்டுபவருக்கு 200 பவுண்டு மிஞ்சும். அவரே குறைந்த வருமானத்தாருக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகையும் பெறுபவராக இருந்தால், வரி போகக் கைக்கு வரும் ஊதியம் கூடியதைக் காரணமாக்கி அந்த 200இல் 55 விழுக்காடு உதவித்தொகையில் குறைக்கப்படுவதால், 90 பவுண்டுதான் நிற்கும். உதவித்தொகை பெறாமல் இருவரும் அதே விகிதத்தில் வரி கட்டும் வீட்டில் 400 பவுண்டு சேரும். பழைய வரம்புக்குக் கீழே சம்பாதிப்பவருக்கு ஒரு காசும் இல்லை. வரி தனியாளுக்கும், உதவித்தொகை இணையருக்கும், ஏற்றத்தாழ்வின் அளவீடு ஒரே வீட்டில் வாழும் அனைவருக்குமாகக் கணக்கிடப்படுகையில், சராசரி மனிதர் ஒருவரைக் கற்பித்துக்கொண்டு மறுபகிர்வை அளக்க இயலாது. எனவேதான் ஐரோப்பிய ஒன்றியத்துக்கான யூரோமாட் போன்ற கருவிகள், கணக்கெடுப்பில் வந்த ஒவ்வொரு வீட்டின் மீதும் வரிச்சட்டத்தை விதிவிதியாக இயக்கி, கிடைத்த முடிவுகளை, ஒவ்வொரு வீடும் எத்தனை வீடுகளுக்குப் பதிலாக நிற்கிறது என்பதற்கேற்ப எடையிட்டு நாடு முழுமைக்கும் விரிக்கின்றன.

ஆகவே, சிமுலேஷனைப் 'போன்மையாக்கம்' என்று கொண்டு, 'நுண்ணலகுப் போன்மையாக்கம்' என்பது என் முன்மொழிவு. நீளம்தான், ஆயினும் எதைப் போன்மையாக்குகிறோம் என்பது சொல்லிலேயே தெரிகிறது. ஒவ்வொரு வண்டியையும் தனித்தனியே ஓடவிட்டுப் பார்க்கும் போக்குவரத்துத் துறைக்கும் இது பொருந்தும்.

துணைச்சொற்களில் 'மாதிரி'யை மட்டும் கவனிக்க வேண்டும். கணக்கெடுப்பின் சாம்பிளையும் கணிப்புக்கான மாடலையும் அதுவே குறித்தால் ஒரே வாக்கியத்தில் இரண்டும் மோதும்; முன்னதைக் 'கூறு' என்றும் பின்னதை 'மாதிரியுரு' என்றும் பிரித்துவிடலாம். உறவைச் சுட்டும் 'குடும்பம்' என்பதைவிட, சேர்ந்து வாழ்வதைச் சுட்டும் 'குடித்தனம்' இங்கே துல்லியமானது.

மக்களின் நடத்தையும் வயதும் மாறாமல் விதிகளை மட்டும் மாற்றிப் பார்க்கும் வகைக்கு 'நிலைத்த' என்ற அடையும், ஆண்டுதோறும் அவர்களுக்கு மூப்பு, மணம், வேலையிழப்பு ஆகியவற்றை ஏற்றிப் பார்க்கும் வகைக்கு 'இயங்கு' என்ற அடையும் போதுமென்று கருதுகிறேன். 'இயங்கியல்' வேண்டாம், அதை மார்க்சியர்கள் டயலெக்டிக்ஸ் என்பதற்கு எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.